இல்லத்திற்கு ஈரமூட்டும் பொறி வேண்டுமா?

இல்லறம் நடத்துவோர் புதுப்பொருள் ஒன்றை வாங்கப் புகுமுன், அஃது இன்றியமையாததா, இருப்பின் நலந்தருவதா, அன்றி இருத்தலே தீங்காவதா என்று பகுத்து நோக்குதல் நம் முன்னோர் கைக்கொண்ட முறையாகும். அரிசியும் உப்பும் முதல் வகை. ஊஞ்சலும் கடிகாரமும் இரண்டாம் வகை. மூன்றாம் வகைப் பொருள்களோ இரண்டாம் வகையின் உடையணிந்தே கடையில் வீற்றிருக்குமாதலின் அவற்றை அடையாளங் காண்டல் அரிது. அண்மைக் காலமாக நகரங்களின் கடைத்தெருக்களில் மலிந்து, இப்பொழுது திருச்செங்கோடு போன்ற ஊர்களின் இல்லங்களிலும் அடியெடுத்து வைத்திருக்கும் ஈரப்பதமூட்டி என்னும் சிறு பொறி இம்மூன்றனுள் எவ்வகையைச் சாரும் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

தமிழ்ப் பகுதியில் எழுதுதற்குச் சங்கச் செய்யுளும் காப்பியமும் காத்திருக்க, நீராவியைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர் சிலர் வினவக்கூடும். காலத்தைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என அறுவகையாகப் பகுத்தது தமிழிலக்கண மரபு. அப்பெயர்களை உற்று நோக்குவார்க்கு, அவை காற்றில் நீர் மிகுதலையும் குறைதலையும் உடல் உணர்ந்த வண்ணம் இடப்பட்டவை என்பது விளங்கும். ஆகவே காற்றின் ஈரம் தமிழ் மாணவனுக்கு அயற்பொருளன்று. அன்றியும், காற்றின் ஈரத்தால் கூலி ஏறியும் இறங்கியும் வரும் ஊர் திருச்செங்கோடு. சேலம் மாவட்டத்தினின்று 1997ஆம் ஆண்டில் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில், செந்நிறப் பாறை மலையொன்றின் அடியில் அமைந்தது இவ்வூர். இங்கிருந்து காவிரிக் கரையிலுள்ள பள்ளிபாளையம், குமாரபாளையம் வரை தறியோசை கேளாத தெருக்கள் சிலவே. நிலத்தடி நீரைத் தேடி இந்தியாவெங்கும் செல்லும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகட்கும் இவ்வூர் பெயர் பெற்றது. பாறையைப் பல நூறு அடி துளைத்து நீரெடுக்கும் மக்கள், அந்நீரைக் காற்றில் விடுதல் தகுமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வீண்செயலாகாது.

முதற்கண் காற்றின் ஈரம் என்பது யாது எனக் காண்போம். காற்றில் நீராவி எக்காலத்தும் கலந்துள்ளது. காற்று வெப்பமுற வெப்பமுற அது தாங்கவல்ல நீராவியின் அளவும் மிகும். ஒரு கன மீட்டர் காற்று, வெப்பநிலை 0 பாகை செல்சியசாக இருக்கும்பொழுது ஏறத்தாழ 5 கிராம் நீராவியையே தாங்கும்; 20 பாகையில் 17 கிராமும், 38 பாகையில் 46 கிராமும் தாங்கும். தாங்கவல்ல அளவில் எத்தனை பங்கு இப்பொழுது உளது என்பதையே ஒப்பு ஈரப்பதம் என்பர். வானிலை அறிக்கையில் விழுக்காடாகச் சொல்லப்படுவது இவ்வளவே. ஆதலின் ஈரப்பதம் 30 விழுக்காடு என்ற அளவில் நில்லாது, எவ்வெப்பநிலையில் 30 என்றும் வினவுதல் வேண்டும். இவ்வொரு வினாவை மறந்தமையாலேயே குளிர்நாட்டார் தம் இல்லங்கட்கென வகுத்துக்கொண்ட பொறி நம் இல்லங்கட்கும் வேண்டும் என்னும் மயக்கம் விளைந்தது.

குளிர்நாட்டு இல்லத்தின் நிலை இது: வெளியே 0 பாகைக் குளிர், அக்காற்று நீராவியால் முற்றும் நிறைந்திருப்பினும் கன மீட்டருக்கு 5 கிராமே கொண்டது. அது வீட்டினுட் புகுந்து கணப்பினால் 20 பாகைக்கு உயர்ந்தவுடன், அதே 5 கிராம் 28 விழுக்காடாகத் தாழ்ந்து விடுகின்றது. பனிக்காலம் முடியும்வரை, இரவும் பகலும், மாதக்கணக்கில் இவ்வறட்சி நீடிக்கும். உதடு வெடித்தலும், மூக்கின் உட்புறம் காய்தலும், மர நாற்காலியின் மூட்டுக்கள் விரிதலும் அங்கு இயல்பு. அத்தகைய இல்லத்தார் நீராவியை விலைகொடுத்துப் பெறுதல் முறையே.

நம் ஊரின் நிலை யாது? பங்குனி, சித்திரை மாதங்களின் நண்பகலில், வெப்பம் 38 பாகையாகவும் ஈரப்பதம் 30 விழுக்காடாகவும் இருக்கும் ஒரு நாளைக் கொள்வோம். அப்பொழுதும் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 14 கிராம் நீராவி உளது. மேற்கூறிய குளிர்நாட்டுக் காற்றினும் இஃது ஏறத்தாழ மும்மடங்காகும். அன்றிரவு வெப்பம் 25 பாகைக்கு இறங்குமாயின், அதே 14 கிராம், ஒரு துளி நீரும் சேர்க்கப்படாமலே, 60 விழுக்காடாகிவிடும். நம் நாட்டு வறட்சி பெரும்பாலும் நண்பகற்பொழுதின் வறட்சி. மாலை சாய்ந்ததும் அது தானே தளர்கின்றது. ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களிலோ உப்புச்சாடியில் உப்பு கசியும், துணி உலராது. அந்நாட்களில் ஈரமூட்டும் பொறியை இயக்குதல் ஆற்றில் நீரிறைத்து ஊற்றுவதை ஒக்கும்.

இனி, நண்பகல் வறட்சிக்கேனும் இப்பொறி மருந்தாகாதோ எனின், அதனையும் ஆராய்வோம். கோடையில் உடலைக் காப்பது வியர்வை உலர்தல். காற்று வறண்டிருக்குமளவும் வியர்வை விரைந்து உலர்ந்து உடல் குளிரும். சாளரங்களைச் சாத்திய அறையில் நீராவியைப் பெருக்குவோமாயின் வியர்வை உலராது புழுக்கமே மிகும். நம்மவர் முற்காலத்தில் செய்தது வேறு. வெட்டிவேர்த் தட்டியைக் காற்று வரும் வாயிலில் தொங்கவிட்டு நீர் தெளித்தனர். ஒரு புறம் ஈரக்காற்று நுழைய, மறுபுறம் வெப்பக்காற்று வெளியேறியது. அவர்கள் வேண்டியது குளிர்ச்சி. ஈரம் அதன் கருவியாக வந்து, தன் பணி முடித்து, மறு வாயில் வழியே சென்றது. இன்று விற்கப்படும் நீர்க்குளிர்விப்பான்களும் சாளரம் திறந்திருந்தால் மட்டுமே பயன்படும் என்பதற்குக் காரணம் இதுவே.

இங்கு ஒரு சிறு கணக்கையும் போட்டுப் பார்த்தல் நலம். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் பத்தடி உயரமும் உள்ள அறையில் ஏறத்தாழ 34 கன மீட்டர் காற்று அடங்கும். வெப்பநிலை 36 பாகையில் மாறாதிருப்பின், அவ்வறையின் ஈரப்பதத்தை 30இலிருந்து 50 விழுக்காடாக உயர்த்த ஏறத்தாழ 280 கிராம் நீர் போதும். ஒரு பெரிய குவளை நீர் என்க. எளிதென்று தோன்றும். ஆனால் ஓட்டு வீட்டிலும், சாளரம் திறந்த வீட்டிலும் அறைக்காற்று மணிக்குப் பன்முறை மாறிக்கொண்டேயிருக்கும். ஐந்து முறை மாறுமாயின் மணிதோறும் ஏறத்தாழ 1.4 லிட்டர் அளவிற்கு நீரைக் காற்றிலேற்ற வேண்டும். மேசைமேல் வைக்கும் சிறு பொறிகளோ அதில் ஒரு சிறு பங்கையே உமிழ வல்லன. எனவே சாளரத்தைத் திறந்தால் ஈரம் நில்லாது. மூடினால் வெப்பம் நீங்காது. இவ்விருதலைச் சிக்கலை விடுவிக்கும் பொறி எதுவும் கடையில் இல்லை.

பொறியில் ஊற்றும் நீரைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். பாறையின் ஆழத்தினின்று வரும் நம் நீர் உப்பும் சுண்ணாம்பும் மிக்கது என்பதற்கு, வெந்நீர்ப் பானையின் உட்புறம் படியும் வெண்ணிறப் பொருக்கே சான்று. மிகை ஒலி அதிர்வினால் பனிப்படலம் எழுப்பும் பொறிகள் நீரைக் காய்ச்சுவதில்லை, நீர்த்துளிகளாகவே சிதறுகின்றன. ஆதலால் நீரிலுள்ள உப்பும் உடன் சிதறி, நுண்டூளாய் மேசை மேலும், மூச்சின் வழியே நுரையீரலுள்ளும் படியும். வாலை வடித்த நீரையே ஊற்றுக என்பர் அறிந்தோர். குடிநீர்க் குடத்திற்கே வரிசையில் நிற்கும் தெருவில் இஃது எத்துணைப் பொருந்தும் என்பதை வாசகர்களே உன்னுக. பொறியை நாள்தோறும் தேய்த்துக் கழுவாவிடில் அதனுள் நுண்ணுயிர்கள் பெருகும். அவையும் பனிப்படலத்தோடு காற்றிற் கலக்கும்.

கழுவுதற்குச் சோம்பி மருந்து கலந்தவர்க்கு நேர்ந்ததை உலகம் அறியும். தென் கொரிய நாட்டில் ஈரமூட்டும் பொறியின் நீரில் கலப்பதற்கென்றே கிருமிநாசினிகள் 1994ஆம் ஆண்டு முதல் விற்கப்பட்டு வந்தன. தாய்மார் பலர், தம் குழந்தையின் அறைக்காற்று தூயதாதல் வேண்டுமென்னும் அன்பினாலேயே அவற்றை வாங்கிக் கலந்தனர். தோலின் மேற்படின் தீங்கு விளையாத அம்மருந்து, நுண்டுளியாய் நுரையீரலுட் புகுந்தபொழுது அதனை இறுகச் செய்தது. கருவுற்ற மகளிரும் குழந்தைகளுமாகப் பலர் மாண்டனர். 2011ஆம் ஆண்டில்தான் காரணம் வெளிப்பட்டு விற்பனை தடுக்கப்பட்டது. மாண்டோர் நூற்றுக்கணக்கில் உள்ளனர். தேவையா என்னும் முதல் வினாவை வினவாதுவிட்ட இல்லத்தில், அன்பும் கேடு பயக்கும் என்பதற்கு இதனினும் துயரமிக்க எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் எவர்க்குமே இப்பொறி வேண்டாவோ எனின், அங்ஙனங் கூறுதல் எம் கருத்தன்று. தொண்டையில் துளையிட்டு மூச்சு விடும் நோயாளிக்கு மருத்துவர் பணிப்பின் அது மருந்தே. இசைவாணர் இல்லத்து வீணைக்கும், நூல்நிலையத்து ஓலைச்சுவடிக்கும் காற்றின் ஈரம் மிகாமலும் குறையாமலும் இருத்தல் வேண்டும். ஏடு மிகக் காய்ந்தால் ஒடியும், மிக நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் குழந்தையின் இருமலுக்கு ஈரக்காற்றே மருந்து என்று பலர் நம்புவதற்கு உறுதியான ஆதாரமில்லை; குரல்வளை வீங்கி நாய் குரைப்பதுபோல் எழும் குழந்தை இருமலுக்கு அதனால் பெரும்பயன் விளைவதாக மருத்துவ ஆய்வுகள் காட்டவில்லை. தோல் வறட்சிக்கோ, மிகு வெந்நீர்க் குளியலும் கடுஞ்சவர்க்காரமும் காரணமாதல் உண்டு. அதற்குத் தேங்காயெண்ணெய் போதும்.

நிற்க. இதுகாறும் மனிதரின் நலம் ஒன்றையே கருதினோம். இவ்வூர் இல்லங்களுள் மனிதரோடு உறையும் மற்றொன்றும் உளது, அதுவே நூல். பருத்தி நூல் ஈரத்தை உண்டு வாழ்வது. பஞ்சு வணிகத்தில் உலர்ந்த பஞ்சின் எடையோடு நூற்றுக்கு எட்டரைப் பங்கு நீரையும் இயல்பாகக் கணக்கிடுவர். காற்று வறளுமாயின் நூல் அவ்வீரத்தை இழந்து விறைத்து, அச்சிலும் விழுதிலும் உராய்ந்து மயிர்விட்டு அறும். நனைந்தவழி வலிவு மிகும் இயல்பு பருத்திக்கு உண்டு. ஆதலின் பருத்தித்துணி நெய்யும் கூடங்களில் ஈரப்பதம் 75 முதல் 85 விழுக்காடு வரை இருத்தல் நன்று என்பர் நெசவு நூலோர். மாந்தர் உறையும் அறைக்கோ, 30க்கும் 50க்கும் இடைப்பட்ட ஈரப்பதம் நன்று, 60ஐக் கடத்தலாகாது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தார் கூறும் அளவு. நூலுக்கு நலமான காற்று நுரையீரலுக்கு நலமன்று. நுரையீரலுக்கு நலமான காற்றில் நூல் நிற்பதில்லை.

காற்றைப் பதப்படுத்தும் பெரும் பொறிகள் தோன்றிய வரலாறும் இதற்கு அரண் செய்கின்றது. 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளின் நகரத்து அச்சுக்கூடமொன்றில், ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி வண்ண அச்சு பிறழ்ந்தமை கண்டு, அதனைத் தடுக்க வில்லிஸ் காரியர் என்னும் இளைஞர் பொறியொன்றை வகுத்தார். 1906ஆம் ஆண்டில் ஸ்டுவர்ட் கிராமர் என்பார், நெசவாலைக் காற்றிற்கு ஈரமூட்டும் தம் முறைக்கே ‘ஏர் கண்டிஷனிங்’ என்னும் பெயரை முதலில் வழங்கினார். தாளும் நூலும் நலம்பெற வந்த கலை அது. மனிதன் பின்னரே அதில் பங்கு கேட்டான்.

நம் நாட்டு நெசவாளரோ, பொறி ஏதுமின்றியே நூலின் தாகத்தைத் தணித்து வந்தனர். குழித்தறியின் அமைப்பை நோக்குக. நெசவாளர் நிலமட்டத்திலமர்ந்து கால்களைக் குழியினுள் இறக்கி மிதிப்பார். பாவு தரையை அடுத்தே விரிந்திருக்கும். மண்ணின் குளிர்ச்சியும் ஈரமும் பாவிற்கு ஓயாது கிடைக்கும். அன்றியும் தெருவின் திறந்த வெளியாகிய பாவடியில் பாவை விரித்துக் கஞ்சியிடும் வேலையை விடியற்காலையிலேயே தொடங்குவர். ஞாயிறு ஏறுமுன் உள்ள ஈரக்காற்றில் கஞ்சி சீராகப் படியும் என்பதை அவர்கள் எந்த அளவைக் கருவியும் இன்றி அறிந்திருந்தனர். 1925ஆம் ஆண்டில் இராஜாஜி அவர்கள் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிக் கதர்ப்பணியை வளர்த்த காலத்தில், கையால் நூற்ற மென்னூலை இவ்வட்டாரத்துத் தறிகள் தாங்கியதற்கு இவ்வறிவும் ஒரு துணையாகும்.

பின்னர் விசைத்தறி வந்தது. மண்தரை சிமெண்டுத் தரையாயிற்று. ஓட்டுக்கூரை பல இடங்களில் தகரமும் கல்நார்த் தகடுமாக மாறிற்று. பாவு தரையினின்று எழுந்து இடுப்பளவு உயரத்தில் ஓடத் தொடங்கிற்று. வேகம் மிகுந்தமையால் நூலின்மேல் இழுப்பும் மிகுந்தது. ஈரமோ குறைந்தது. எனவே நெசவாளர் தரையில் நீர் தெளிக்கின்றனர்; நனைந்த கோணிச்சாக்குகளைத் தறியடியில் விரிக்கின்றனர்; ஈரம் வெளியேறாதபடி சாளரங்களை அடைக்கின்றனர். ஆடி மாதத்தில் மேற்கினின்று வீசும் காற்று நூலை அலைத்து உலர்த்துமாதலின் அப்பொழுதும் கதவு சாத்தியே கிடக்கும். நெய்த அளவிற்கே கூலி. நூல் அறுந்தால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். அறியாமையால் அவர்கள் இங்ஙனம் செய்கின்றனர் என்று மேசையருகில் அமர்ந்து எழுதுவோர் கூறுதல் தகாது. அவர்தம் கணக்கு மிகச் சரியான கணக்கே. ஆனால் அக்கணக்கில் ஒரு செலவு எழுதப்படுவதில்லை.

அச்செலவு யாதெனின், அதே கூரையின்கீழ் உறங்கும் குழந்தையும் முதியோருமே. தறி ஓடும் கூடத்தின் மூலையில் தொட்டில் தொங்கும் வீடுகள் இங்கு உண்டு. பகல் முழுதும் நூலுக்காக ஈரமாக்கி அடைத்து வைத்த காற்று, இரவு வெப்பம் தணிந்தவுடன் ஒப்பளவில் இன்னும் ஈரமேறிச் சுவரில் வியர்க்கும். அச்சுவரில் பூஞ்சணம் படரும். பாயிலும் தலையணையிலும் கண்ணுக்குப் புலப்படாத தூசிப்பூச்சி பெருகும். பறக்கும் பஞ்சுத்துகள் ஈரச்சுவரில் ஒட்டிக் கிடக்கும். ஈரமும் பூஞ்சணமும் மிக்க வீடுகளில் இருமலும் இளைப்பும் மிகுதல் குறித்து உலக நலவாழ்வு நிறுவனத்தார் 2009ஆம் ஆண்டில் தனி நூலே வெளியிட்டு எச்சரித்துள்ளனர். ஈரமூட்டும் பொறியின் தேவையை ஆராயப் புகுந்த நாம், இவ்வூரில் பல வீடுகட்கு ஏற்கெனவே ஈரம் மிகுதி என்னும் முடிவிற்கு வருகின்றோம்.

இவ்வழக்கு புதியதன்று. இங்கிலாந்து தேசத்து லங்காஷயர் வட்டாரத்தில் சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில், மட்டமான நூலும் அறாது ஓடும் பொருட்டு ஆலை முதலாளிகள் நெசவுக்கூடங்களில் நீராவியைப் பாய்ச்சினர். தொழிலாளர், நனைந்த உடையோடு குளிரில் வீடு திரும்பி நோயுறுகின்றோம் என்று முறையிட்டனர். அவர்தம் முறையீட்டின் பயனாக 1889ஆம் ஆண்டில் பருத்தித்துணித் தொழிற்சாலைச் சட்டம் இயற்றப்பட்டது. நூலுக்கு ஈரம் வேண்டும் என்பதை அச்சட்டம் மறுக்கவில்லை. ஈரத்திற்கு ஒரு மேல்வரம்பு வகுத்து, அதனை அளக்கும் வெப்பமானிகளைக் கூடத்திலேயே மாட்டுக என்று பணித்தது. இந்தியாவிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, செயற்கையாக ஈரமூட்டுதற்கு வரையறை வகுக்கும் உரிமையை மாநில அரசுகட்கு அளித்ததோடு, அதற்குப் பயன்படும் நீர் குடிநீராகவோ தூய்மை செய்யப்பட்டதாகவோ இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. ஆயினும் தொழிற்சாலைச் சட்டங்கள் ஓர் எண்ணிக்கைக்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடங்களையே பற்றும்; இரண்டொரு தறி ஓடும் வீட்டின் வாயிற்படியில் அவை நின்று விடுகின்றன. அங்கே உரிமையாளரும் தொழிலாளரும் மேற்பார்வையாளரும் ஒருவரே. ஆதலின் வரம்பு வகுக்கும் பொறுப்பும் அவ்வீட்டாரையே சார்கின்றது.

இதன்மேல் எம் கருத்தாவது இது. ஈரம் வேண்டுமா என்று வினவுவோர், யாருக்கு வேண்டும் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். தறியுள்ள வீட்டில் தறிக்கு ஈரம் வேண்டும், வீட்டார்க்கு வேண்டா. எனவே தறியையும் பாயையும் ஒரு காற்றில் வைத்தல் ஆகாது. இடையில் ஒரு சுவர், சுவர் எழுப்ப இயலாவிடில் கூரைவரை ஒரு தட்டி. தறிக்கூடத்திற்குத் தனி வாயில். உறங்கும் அறைக்கு எதிரெதிரே இரு சாளரங்கள். இவையே செலவிடத் தக்கவை. மாலையில் தறி நின்றதும் சாக்குகளை வெளியே எடுத்துக் கதவுகளைத் திறந்து காற்றை மாற்றுதல் காசில்லாத மருந்து. கஞ்சி நன்கேறிய பாவு குறைந்த ஈரத்திலும் அறாது நிற்குமாதலின், நூலின் தரத்தையும் கஞ்சியின் தரத்தையும் உயர்த்துதல் நூல் தருவோரின் கடமை. மட்டமான நூலைத் தந்துவிட்டு அதன் குறையை நெசவாளர் தம் வீட்டுக் காற்றால் ஈடு செய்க என்று விடுதல் அறமாகாது. கைத்தறியாளர்க்குத் தனித் தறிக்கொட்டகை அமைத்தற்கு உதவும் திட்டங்கள் அரசினரிடம் உள்ளன. அவை வீட்டின் விசைத்தறியாளர்க்கும் எட்டுதல் வேண்டும்.

இதற்குச் சிலர் மறுப்புக் கூறுவர். ஓரறை வீட்டில் சுவர் எங்கே எழுப்புவது என்பது முதல் மறுப்பு. அதன் உண்மையை ஒப்புகின்றோம். ஆயினும் ஓரறை வீட்டிலும் இரவில் சாளரம் திறத்தல் இயலும். குழந்தையின் தொட்டிலைத் திண்ணைக்கு மாற்றுதல் இயலும். ஈரம் அளவாக இருப்பின் பஞ்சுத்துகள் பறவாது அடங்குமே, அது நலமன்றோ என்பது இரண்டாம் மறுப்பு. அதுவும் மெய்யே. அதனாலன்றோ யாம் தறிக்கூடத்தின் ஈரத்தை ஒழிக்கச் சொல்லாது, அதனை உறக்கத்தினின்று பிரிக்கச் சொல்கின்றோம்! குளிரூட்டும் பொறி வைத்த செல்வர் இல்லங்களில் காற்று வறளுமே என்பது மூன்றாம் மறுப்பு. குளிரூட்டும் பொறி காற்றின் நீரை எடுப்பது உண்மை. ஆனால் காற்று குளிர்ந்து விடுவதால் ஒப்பு ஈரப்பதம் பெரும்பாலும் நல்ல எல்லைக்குள்ளேயே நிற்கும். ஐயமுடையோர் ஒரு பொறி எடுத்த நீரை மற்றொரு பொறியால் திருப்பி ஊற்றுமுன், அளந்து பார்த்தல் நன்று.

அளத்தலோ எளிது. ஒத்த இரு வெப்பமானிகளை அருகருகே மாட்டி, ஒன்றன் குமிழை நனைந்த மல்துணியாற் சுற்றி விசிறுக. உலர்குமிழ் 35 பாகையும் ஈரக்குமிழ் 25 பாகையும் காட்டின் ஈரப்பதம் ஏறத்தாழ 45 விழுக்காடு, குறையொன்றுமில்லை. உலர்குமிழ் 35 பாகையும் ஈரக்குமிழ் 21 பாகையும் காட்டின் ஏறத்தாழ 28. தறியில் நூல் அறும் நேரம் அது. உலர்குமிழ் 28 பாகையும் ஈரக்குமிழ் 26 பாகையும் காட்டின் ஏறத்தாழ 85; உறங்கும் அறையாயின் உடனே சாளரத்தைத் திறக்க வேண்டும். கைக்கடிகாரம் அளவிலுள்ள மின்னணு ஈரமானிகளும் இன்று கிடைக்கின்றன. விடியலிலும், நண்பகலிலும், படுக்குமுன்னும் எனக் காலத்திற்கு மூன்று அளவுகளாக ஒரு வாரம் குறித்துப் பார்த்தால், தம் வீட்டின் இயல்பு யார்க்கும் விளங்கிவிடும். இரவின் அளவுகளும் 30க்குக் கீழே நிற்கக் கண்டாலன்றி ஈரமூட்டும் பொறியைப் பற்றி எண்ணவே வேண்டுவதில்லை. இச்சமவெளியில் அத்தகைய வீடு அரிதினும் அரிது.

இனி, மாணவராகிய நமக்கும் ஒரு பணி உண்டு. நம் கல்லூரியில் அறிவியற் கழகமும் சமூகப்பணிக் கழகமும் உள்ளன. கோடை விடுமுறையில் நம்முள் பலர் நெசவூர்களுக்குத் திரும்புகின்றோம். ஆளுக்கோர் ஈரமானியுடன் சென்று, தத்தம் தெருவில் பத்து வீடுகளில் தறிக்கூடத்தின் அளவையும் உறங்கும் இடத்தின் அளவையும் தனித்தனியே குறித்து வருவோமாயின், எந்தத் தெருவில் எத்தனைக் குழந்தைகள் நூலுக்குரிய காற்றில் உறங்குகின்றனர் என்பது தெரியவரும். குறிப்புப் புத்தகத்தை மட்டும் நிரப்பிக்கொண்டு திரும்பாது, கண்டதை அவ்வீட்டாரிடமே எளிய தமிழில் எடுத்துரைத்து வருதல் வேண்டும். தமிழ் பயில்வோர்க்கு அப்பணியில் தனி உரிமை உண்டு. ஈரப்பதம் என்பதைப் பாட்டியாருக்கும் விளங்கச் சொல்லவல்ல மொழி நம் கையில் இருக்கின்றது.

ஆகவே, திருச்செங்கோட்டு இல்லத்திற்கு ஈரமூட்டும் பொறி வேண்டுமா என்னும் வினாவிற்கு, மருத்துவர் பணித்தாலன்றி வேண்டா என்பதே யாம் கூறும் விடை. அப்பொறிக்கென ஒதுக்கிய பணம் கையிலிருப்பின், தறியுள்ள வீட்டார் அதனைக்கொண்டு தொட்டிலுக்கும் தறிக்கும் நடுவே ஒரு தட்டியை எழுப்புக. தறியில்லாத வீட்டார் மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு வேம்பை நடுக. வரும் கோடைக்குமுன் இவற்றுள் ஒன்றையேனும் ஒரு வீட்டார் செய்து முடிப்பாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயனைப் பெற்றவராவோம்.